இமைக்குள் மருந்துத் தகடு: வெளியீட்டு வேகமும் தங்கும் திறனும்

கண் அழுத்த நோய்க்காக 1974இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, இமைக்குள் வைக்கும் ‘ஆக்குசெர்ட்’ தகடு, சீரான மருந்து வெளியீட்டுக்கு முன்னோடியாக இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகிறது. ஆனால் மருத்துவ நடைமுறையில் அது நிலைக்கவில்லை. 1978இல் டிமோலால் சொட்டு மருந்து வந்ததே இதற்குக் காரணம் என்பது வழக்கமான விளக்கம். நாளுக்கு இரண்டு முறை இட்டால் போதும், கண்மணியும் சுருங்காது என்னும்போது நோயாளிகள் அதற்கு மாறியது இயல்பே. எனினும் தகட்டுக்குள்ளேயே இருந்த ஒரு குறையை இவ்விளக்கம் மறைத்துவிடுகிறது என்பது என் கருத்து.

மருந்தியல் நோக்கில் ஆக்குசெர்ட்டைக் குறைகூற இடமில்லை. கண்ணின் மேற்பரப்பில் இயல்பாக இருக்கும் கண்ணீர் 7 மைக்ரோலிட்டர் அளவே. புட்டியிலிருந்து விழும் சொட்டோ 30 முதல் 50 மைக்ரோலிட்டர். மிகுதி கன்னத்தில் வழியும், அல்லது மூக்கு வழியே தொண்டைக்கு இறங்கும். கண்ணுக்குள் சேர்வது பெரும்பாலும் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆக்குசெர்ட்டில் இருந்த பைலோகார்பின் மருந்தையே 2 விழுக்காட்டுச் சொட்டாக நாளுக்கு நான்கு முறை இட்டால் வாரத்துக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் செலவாகும். ஆக்குசெர்ட்டின் சிறிய வகை மணிக்கு 20 மைக்ரோகிராம் வீதம் ஏழு நாளும் கசியவிட்டது, மொத்தம் 3.4 மில்லிகிராம்தான். சொட்டு இட்டவுடன் நேரும் பார்வை மங்கலும் புருவ வலியும் இதனால் தணிந்தன.

குறை வேறிடத்தில் இருந்தது. சொட்டு மருந்தை ஒருவேளை மறந்தால் இழப்பு சில மணி நேரம். தகடு இரவில் நழுவி விழுந்து, அதை எவரும் கவனிக்காவிட்டால் வாரத்தின் எஞ்சிய நாள்கள் முழுவதும் சிகிச்சை இல்லை. கண் அழுத்த நோய் பெரும்பாலும் வலிக்காது. ஆகவே அந்த இழப்பை உடல் உணர்த்தாது. தகட்டின் ஓரத்தில் டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த வெள்ளை வளையம் வைத்ததும், படுக்கும்போதும் எழும்போதும் இமையை விலக்கிப் பார்க்கச் சொன்னதும் வடிவமைத்தவர்கள் இதை அறிந்திருந்தார்கள் என்பதையே காட்டுகின்றன. சொட்டு இடும் சுமையை இறக்கிவைத்த கருவி, பார்வை குன்றிய முதியவர் மீது கண்காணிக்கும் சுமையை ஏற்றியது.

1981இல் அனுமதி பெற்ற ‘லாக்ரிசெர்ட்’டை இதனோடு ஒப்பிட வேண்டும். வறண்ட கண்ணுக்காகக் கீழிமைக்குள் வைக்கும் இச்சிறு குச்சியில் இருப்பது 5 மில்லிகிராம் ஹைட்ராக்சிபுரொப்பில் செல்லுலோஸ். இதுவும் நழுவக்கூடியதே, ஆயினும் பல பத்தாண்டுகள் புழக்கத்தில் நீடித்தது. குச்சி இல்லாத கண் உறுத்தும். நோயாளி உடனே அறிவார். இந்த வேறுபாட்டுக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை.

2016இல் வெளியான பைமட்டோபிராஸ்ட் என்னும் கண் அழுத்த மருந்து கொண்ட வளையத்தின் ஆய்வு தங்கும் திறனைத் தனியே அளந்தது போற்றத்தக்கது. இரு இமைகளுக்கும் அடியில் பொருந்தும் அந்த வளையத்தை மருத்துவரே வைக்கிறார். ஆறு மாதத்தில் 88.5 விழுக்காட்டினரிடம் அது தங்கியிருந்தது. அழுத்தமும் குறைந்தது, ஆனால் டிமோலாலுக்குத் தாழ்ந்ததல்ல என்று 9 அளவீட்டு நேரங்களில் 2இல் மட்டுமே நிறுவ முடிந்தது, ஆய்வின் அளவும் அதற்குப் போதவில்லை. எனக்கு இங்கே முக்கியமாகப் படுவது வளையம் தங்காத அந்த எஞ்சிய பங்கினர்தான். அவர்கள் எவ்வளவு நேரம் மருந்தின்றி இருந்தார்கள், இழப்பைத் தாமே கண்டார்களா, அடுத்த பரிசோதனையில்தான் தெரிந்ததா என்பவை வெளியீட்டு வேகத்துக்கு இணையான முதன்மை அளவீடுகளாக இனிவரும் ஆய்வுகளில் இடம்பெற வேண்டும்.