இரண்டு அங்குல வலை

போன மாதம் முழுக்க மகள் வீட்டில் சென்னையில் இருந்ததால் ஒன்றும் எழுதவில்லை. இப்போது எழுதப்போவது ஒரு வலையைப் பற்றி. மீன்வலை அல்ல, பந்தாட்ட வலை.

மகள் குடியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு டென்னிஸ் கோர்ட் உண்டு. அதன்மேல் மஞ்சள் கோடு போட்டு 'பிக்கிள்பால்' ஆடுகிறார்கள். பிக்கிள் என்றால் ஊறுகாய்தானே என்று பேரனைக் கேட்டேன். "ஆட்டத்துக்கும் ஊறுகாய்க்கும் சம்பந்தமில்லை தாத்தா" என்று சிரித்தான். சிறு மரப்பலகை போன்ற மட்டை, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து. அறுபது வயதைத் தாண்டிய பெண்கள்கூட ஆடுகிறார்கள். என் மனைவியையும் பிடித்து இழுத்துக்கொண்டார்கள்.

முதல் வாரம் அவள் அடித்த பந்தில் பாதி வலையில் விழுந்தது. ஓரமாக அடித்தால் நிச்சயம் வலைதான். நான்காம் நாள் மட்டையை வைத்துவிட்டாள். "கையில பலம் இல்லைங்க. வயசாச்சு, போதும்" என்றாள்.

அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் கோப்பு பார்த்தவனுக்கு ஒரு புத்தி உண்டு. ஒன்று தவறாகப் போனால் முதலில் ஆளைப் பார்ப்பதில்லை, விதியைப் பார்ப்போம். பேரனிடம் விதிகளை எடுத்துக் காட்டச் சொன்னேன். கடையில் ஓர் அளவு நாடா வாங்கினேன்.

டென்னிஸ் வலை நடுவில் 36 அங்குலம், இரு கம்பங்களிலும் 42 அங்குலம் உயரம். கம்பங்களுக்கு இடையே 42 அடி. பிக்கிள்பால் வலை நடுவில் 34, ஓரக்கோட்டில் 36 அங்குலம். கம்பங்களுக்கு இடையே 22 அடிதான். ஆக, நடுவில் வித்தியாசம் இரண்டு அங்குலம். ஓரத்தில்தான் விஷயம் இருக்கிறது. டென்னிஸ் வலை நடுவிலிருந்து கம்பம் வரை 21 அடிக்கு ஏறிக்கொண்டே போகிறது. பிக்கிள்பாலின் ஓரக்கோடு நடுவிலிருந்து 10 அடியில் வருகிறது. அந்த இடத்தில் நாடாவைப் பிடித்தேன். 39 அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு! விதி சொல்வது 36. மூன்று அங்குலத்தைத் தாண்ட முடியாத பந்துக்குத் தன் வயதைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாள் என் மனைவி.

நடுப்பட்டையை இறுக்கினால் போதாதா என்று ஒருவர் கேட்டார். நடுவில் 34 வந்துவிடும், ஓரத்தில் வராது. கம்பத்தில் 42 இருக்கும்வரை ஓரக்கோட்டில் ஏறக்குறைய 38 இருக்கும்.

வலைக்கு ஏன் இந்த நடுப்பள்ளம்? இதற்குப் பதில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியின் சரித்திரப் பாடத்தில் இருக்கிறது. 1789 ஜூன் 20 அன்று வெர்சாய் நகரில், மூன்றாம் வகுப்பாரின் பிரதிநிதிகள் ஒரு பந்தாட்டக் கூடத்தில் கூடி, அரசியல் சட்டம் எழுதாமல் கலைய மாட்டோம் என்று சபதம் செய்தார்கள். அந்தக் கூடத்தில் ஆடியது 'ழெ தெ போம்', அதாவது உள்ளங்கை ஆட்டம். முதலில் கையால் அடித்தார்கள், பிறகு மட்டை வந்தது. டென்னிஸ் என்ற சொல்லே, பந்தைப் போடும்போது "தெனே!", "பிடியுங்கள்!" என்று கூவியதிலிருந்து வந்தது என்பார்கள். ஆரம்பத்தில் நடுவே வெறும் கயிறுதான். கயிறு கட்டினால் நடுவில் தொய்யத்தானே செய்யும்! பிறகு வலை வந்தபோதும் அந்தத் தொய்வு போகவில்லை. இன்றும் அந்தப் பழைய ஆட்டத்தில் வலை ஓரத்தில் 5 அடி, நடுவில் 3 அடி. கயிற்றின் குறை விதியாகிவிட்டது.

1874-இல் வால்டர் விங்ஃபீல்ட் என்ற ஆங்கிலேய மேஜர், புல்தரையில் ஆடும் டென்னிஸுக்கு உரிமம் வாங்கினார். 1877-இல் முதல் விம்பிள்டன். அப்போது வலை கம்பத்தில் 5 அடி, நடுவில் 3 அடி 3 அங்குலம். அந்த வருடம் வென்ற ஸ்பென்சர் கோர் வலைக்கு அருகே வந்து நின்று, பந்து தரையில் படுமுன்பே அடித்தார். ஓரத்தில் வலை அவ்வளவு உயரமாக இருந்ததால் அவரைத் தாண்டிப் பந்தைச் செலுத்துவது எதிராளிக்குப் பெரும்பாடு. மறுவருடம் அவரை வென்றவர் ஃபிராங்க் ஹேடோ. இலங்கையில் காப்பித் தோட்டம் வைத்திருந்து, விடுமுறையில் ஊருக்கு வந்தவர். அவர் செய்தது எளிது. பந்தை கோரின் தலைக்கு மேலே தூக்கிப் போட்டார். அதன்பின் வலையை ஓரத்தில் படிப்படியாகக் குறைத்து, 1880களின் தொடக்கத்தில் இன்றைய மூன்றரை அடிக்குக் கொண்டுவந்தார்கள்.

பிக்கிள்பால் கதை வேறு. 1965 கோடையில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பெயின்பிரிட்ஜ் தீவில் ஜோயல் பிரிச்சர்டும் நண்பர் பில் பெல்லும், பொழுது போகாமல் இருந்த குடும்பத்தாருக்காக ஏதாவது விளையாட்டு ஏற்பாடு செய்யப் பார்த்தார்கள். வீட்டில் இறகுப்பந்துக் களம் இருந்தது, சாமான்கள் சரியாக இல்லை. டேபிள் டென்னிஸ் மட்டையையும் ஓட்டைப் பந்தையும் எடுத்தார்கள். வலை முதலில் இறகுப்பந்து உயரத்திலேயே, 60 அங்குலத்தில் இருந்தது. இறகு தரையைத் தொடாது, பந்தோ தார்த்தளத்தில் நன்றாக எழும்பியது. எனவே வலையை 36 அங்குலத்துக்கு இறக்கினார்கள். அடுத்து பார்னி மெக்கலம் சேர, மூவரும் விதிகளை வகுத்தார்கள். 20 அடி அகலம், 44 அடி நீளம் என்ற களம் மட்டும் இன்றும் இறகுப்பந்தின் அளவுதான்.

வலைக்கருகே நின்று கோர் அடித்தது போல் அடிக்க இங்கே வழியில்லை. வலையின் இருபுறமும் 7 அடிக்குள் நின்றுகொண்டு, பந்து தரையில் படுமுன் அடிக்கக் கூடாது. அந்தப் பகுதிக்குச் செல்லப்பெயர் 'கிச்சன்'. இதைச் சொன்னதும் என் மனைவி, "விளையாட வந்த இடத்திலயும் சமையல்கட்டா?" என்றாள். "இந்தச் சமையல்கட்டில் நின்றால்தான் தப்பு" என்றேன்.

அளவுகளை எழுதி, படம் வரைந்து, குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் கொடுத்தேன். வாழ்நாளெல்லாம் பிறர் மனுவைப் படித்தவன் முதல்முறையாக நானே மனு எழுதினேன். பத்து நாளில், சக்கரம் வைத்த தனி வலை ஒன்று வந்தது. நடுவில் 34, ஓரத்தில் 36. நானே அளந்தேன்.

அன்று மாலை அவள் ஓரமாக அடித்த பந்து வலையை உரசாமல் போய் விழுந்தது. மட்டையைப் பிடித்த விதம் புதிதாகத் தெரியவில்லை. திரும்பி வரும்போது கேட்டேன். பள்ளியில் பூப்பந்து ஆடினாளாம், மாவட்ட அளவு வரை போனாளாம். கல்யாணம் நிச்சயமானதும் அவளுடைய அப்பா நிறுத்திவிட்டாராம்.

"இதை ஏன் என்கிட்ட சொல்லவே இல்லை?"

"நீங்க கேட்டதே இல்லையே."

நாற்பத்தாறு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். வலையின் உயரத்தைக் கேட்க எனக்கு நான்கு நாள் போதுமாக இருந்தது.

புதுச்சேரிக்குத் திரும்பியதும் எங்கள் தெருமுனை மைதானத்தில் பழைய பூப்பந்துக் கம்பங்கள் இரண்டு இன்னும் நிற்கின்றனவா என்று போய்ப் பார்த்தேன். நிற்கின்றன. துரு பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். வலை ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். மாலை ஐந்து மணிக்கு வரத் தோதுப்படுகிறவர்கள் சொல்லுங்கள். வீட்டுப் பெண்களையும் அழைத்து வாருங்கள். அளவு நாடா என்னிடம் இருக்கிறது.