கிங்ஸ் கல்லூரியும் கிண்டியும்

முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் தேடும் இயற்பியல் மாணவர்கள் முதலில் விசாரிப்பது கருவிகளைப் பற்றித்தான். எக்ஸ் கதிர்க் கருவி புதியதா, எலெக்ட்ரான் நுண்ணோக்கி உண்டா, கணினியில் நேரம் கிடைக்குமா என்றெல்லாம் கேட்பார்கள். கேட்க வேண்டியவைதான். ஆனால் தன் உழைப்பு கடைசியில் எங்கே போய்ச் சேரும், யார் பெயரில் சேரும் என்பதைக் கருவிகளின் பட்டியல் சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள வரலாற்றில் ஒரு நல்ல இணை இருக்கிறது. ஒன்று, லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஜான் ராண்டல் நடத்திய உயிர் இயற்பியல் பிரிவு. மற்றொன்று, ஜி.என்.ராமச்சந்திரனை முதல் தலைவராகக் கொண்டு 1952இல் கிண்டியில் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறை. இரண்டுமே உயிர்ப்பொருளின் இழைகளை எக்ஸ் கதிர்முன் நிறுத்தி, விழுந்த புள்ளிகளிலிருந்து மூலக்கூறின் வடிவத்தைக் கண்டுபிடிக்க முயன்றவை. இரண்டிலும் பாரத்தின் பெரும்பகுதியைச் சுமந்தவர்கள் இளைஞர்கள்.

இரு தலைவர்களுமே உயிரியல் படித்து வந்தவர்கள் அல்லர். ராண்டல், ஹாரி பூட்டுடன் சேர்ந்து 1940இல் பர்மிங்ஹாமில் கேவிட்டி மேக்னட்ரானை உருவாக்கியவர். போர்க்காலத்து ரேடார்களுக்கு உயிர் கொடுத்த கருவி அது. அந்தப் புகழுடன் 1946இல் கிங்ஸ் கல்லூரிக்கு வந்து, மறு ஆண்டே மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் பணத்தில் உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். ராமச்சந்திரன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின் பொறியியல் படிக்கச் சேர்ந்து, சி.வி.ராமனால் இயற்பியலுக்கு இழுத்துக்கொள்ளப்பட்டவர். பிறகு கேம்பிரிட்ஜில் படிகவியல் ஆய்வு. சென்னையில் துறைத் தலைவர் பதவி முதலில் ராமனைத்தான் தேடிப் போனது. அவர் தன் மாணவரைக் கைகாட்ட, துணைவேந்தர் ஆ.லட்சுமணசாமி முதலியார் அழைத்துக்கொண்டார். பொறுப்பேற்றபோது ராமச்சந்திரனுக்கு வயது 30 அளவில்தான்.

கிங்ஸ் கல்லூரியின் கதையில் எல்லாரும் மறந்துவிடும் மனிதர் ரேமண்ட் காஸ்லிங். ரோசலிண்ட் ஃபிராங்க்ளினுக்கு இழைக்கப்பட்டதைப் பற்றி இன்று உலகம் பேசுகிறது, பேச வேண்டியதுதான். அந்தப் புகழ்பெற்ற ‘51ஆம் படத்தை’ 1952 மே மாதம் எடுத்த கை, ஃபிராங்க்ளினின் மேற்பார்வையில் வேலை செய்த ஆய்வு மாணவரான காஸ்லிங்கின் கை. 1926இல் பிறந்த அவர், மருத்துவமனை இயற்பியலாளராகச் சில காலம் இருந்துவிட்டு முனைவர் பட்டத்துக்கு வந்தவர். முதலில் அவருக்குக் கொடுக்கப்பட்டது செம்மறிக்கடாவின் விந்தணுவை ஆராயும் வேலை. ருடால்ஃப் சிக்னர் என்ற சுவிஸ் வேதியியலாளர் தான் தூய்மையாகப் பிரித்தெடுத்த டிஎன்ஏவை 1950இல் லண்டன் கூட்டமொன்றில் தாராளமாகப் பகிர்ந்துகொடுக்க, ராண்டல் பிரிவின் மாரிஸ் வில்கின்ஸ் ஒரு பங்கை வாங்கி வந்தார். வில்கின்ஸும் காஸ்லிங்கும் அதை இழைகளாக இழுத்துக் கட்டி, வேதியியல் துறையின் நிலவறையில் இருந்த எக்ஸ் கதிர்க் குழாயின்முன் வைத்தனர். காற்று கதிரைச் சிதறடித்துப் படத்தைக் கலைக்காமலிருக்க கேமராவுக்குள் ஹைட்ரஜனைச் செலுத்தினர். கூர்மையான புள்ளிகள் விழுந்தன. டிஎன்ஏ படிகம்போல ஒழுங்குகொள்ளும் என்பதைக் கண்ணால் கண்ட முதல் சிலரில் காஸ்லிங்கும் ஒருவர்.

இங்கேதான் வினை தொடங்கியது. ராண்டல் 1950 டிசம்பரில், பாரிஸிலிருந்து வரவிருந்த ஃபிராங்க்ளினுக்கு ஒரு கடிதம் எழுதினார். டிஎன்ஏவில் எக்ஸ் கதிர் வேலை இப்போதைக்கு அவரும் காஸ்லிங்கும் மட்டுமே செய்வதாக இருக்கும் என்பது அதன் சாரம். வேலையை ஏற்கெனவே தொடங்கியிருந்த வில்கின்ஸுக்கு அந்தக் கடிதம் காட்டப்படவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகே அவர் அதைப் பார்த்தார். ஆக, ஃபிராங்க்ளின் தனக்கென ஒப்படைக்கப்பட்ட ஆய்வு என்று நம்பி வந்தார், வில்கின்ஸ் தனக்கு உதவ ஒரு நிபுணர் வருகிறார் என்று நம்பிக் காத்திருந்தார். நடுவில் நின்றவர் மாணவர். நெறியாளர் மாறியது அவரைக் கேட்டு அல்ல.

ஃபிராங்க்ளினிடம் காஸ்லிங் கற்றது ஏராளம். ஈரப்பதத்தைத் துல்லியமாகக் கட்டுப்படுத்தினால் டிஎன்ஏ இரண்டு வடிவங்களில் நிற்கும் என்று இருவரும் காட்டினர். உலர்ந்தால் ‘ஏ’ வடிவம், ஈரம் ஏறினால் ‘பி’ வடிவம். 60 மணி நேரத்துக்கு மேல் கதிர் படவைத்து எடுத்த 51ஆம் படம் ‘பி’ வடிவத்தினுடையது. அதன் நடுவில் தெரியும் பெருக்கல் குறி, சுருள் அமைப்பின் அடையாளம். ஆனால் இருவரும் கூடுதல் நேரம் செலவிட்டது ‘ஏ’ வடிவத்தில்தான். புள்ளிகள் அதில் அதிகம், எனவே தகவலும் அதிகம். பீவர்ஸ்-லிப்சன் அட்டைப் பட்டைகளை அடுக்கி, எண்களைக் கையால் கூட்டி, மாதக்கணக்கில் பாட்டர்சன் கணக்குப் போட்டார்கள். மாதிரி கட்டி ஊகிப்பதைவிடத் தரவையே பேசவிட வேண்டும் என்பது ஃபிராங்க்ளினின் நெறி. அந்த நெறியை நான் மதிக்கிறேன். அது தோற்ற நெறி அல்ல, அவசரப்பட மறுத்த நெறி.

ஃபிராங்க்ளின் பிர்க்பெக் கல்லூரிக்குப் போக முடிவெடுத்ததும் காஸ்லிங் மீண்டும் வில்கின்ஸ் பொறுப்பில் வந்தார். படமும் கூடவே வந்தது. 1953 ஜனவரி இறுதியில் வில்கின்ஸ் அதை ஜேம்ஸ் வாட்சனுக்குக் காட்டினார், ஃபிராங்க்ளினுக்குத் தெரியாமல். ஏப்ரல் 25ஆம் தேதி ‘நேச்சர்’ இதழில் மூன்று கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. மூன்றாவது ஃபிராங்க்ளின், காஸ்லிங் இருவருடையது. முதல் கட்டுரையில் வாட்சனும் பிரான்சிஸ் கிரிக்கும் முன்வைத்த டிஎன்ஏ மாதிரிக்கு ஆதாரமாக இருந்த அளவீடு, அந்த மாதிரியோடு ஒத்துப்போகும் துணைச்சான்றாக அச்சேறியது. ஆய்வகத்தை விட்டுப் போனபின் டிஎன்ஏ பற்றி நினைக்கவே கூடாது என்று ராண்டல் ஃபிராங்க்ளினிடம் சொல்லியிருந்தார். காஸ்லிங்கின் ஆய்வேடு எழுதி முடிய வேண்டியிருந்தது. ஃபிராங்க்ளின் தடையை மீறி அவருக்கு உதவினார். இந்த வரலாறு முழுவதிலும் ஒரு நெறியாளர் தன் மாணவருக்குச் செய்த ஆகச் சிறந்த செயல் இதுவே என்பது என் எண்ணம்.

கிண்டிக்கு வருவோம். ராமச்சந்திரனிடம் ராண்டலின் பணமும் ஆள்பலமும் இல்லை. சென்னைக்கு வந்த படிகவியலாளர் ஜே.டி.பெர்னல் பேச்சுவாக்கில், கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை என்றார். தோல், தசைநார், எலும்பு எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் புரதம் கொலாஜன். பெர்னல் சொன்னதைப் பிடித்துக்கொண்ட ராமச்சந்திரனுக்கு, பக்கத்திலேயே இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் கைகொடுத்தது. கங்காரு வாலின் தசைநார் நல்ல படங்களைத் தந்தது. இளம் ஆய்வாளர் கோபிநாத் கர்த்தாவும் அவரும் சேர்ந்து 1954இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் அமைப்பை முன்வைத்தார்கள்: மூன்று சங்கிலிகள் சேர்ந்த முச்சுருள். கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு அமினோ அமிலம் கிளைசின். அது மூன்றாவது இடம்தோறும் வர வேண்டும் என்று அவர்கள் கண்டார்கள். காரணம் எளிது. மூன்று சங்கிலிகளும் நெருங்கும் மையத்தில் ஒரு ஹைட்ரஜன் அணுவுக்குத்தான் இடமுண்டு, ஹைட்ரஜனைத் தவிர வேறு பக்கத் தொகுதி இல்லாத ஒரே அமினோ அமிலம் கிளைசின். அடுத்த ஆண்டு, மூன்று சுருள்களும் சேர்ந்து இன்னொரு சுருளாக முறுக்கிக்கொள்வதாக அமைப்பைத் திருத்தினார்கள். கூந்தலை மூன்று காலாக எடுத்துப் பின்னியபின் அந்தப் பின்னலையே ஒரு முறுக்கு முறுக்கினாற்போல.

இதே கொலாஜனைக் கிங்ஸ் கல்லூரியும் ஆராய்ந்துகொண்டிருந்தது. ராண்டலின் சொந்த ஆர்வமே அதில்தான். 1953இல் கொலாஜன் பற்றிய தொகுப்பு நூல் ஒன்றையும் பதிப்பித்திருந்தார். ஆனால் கோவன், மெகேவின், நார்த் ஆகிய கிங்ஸ் ஆய்வாளர்கள் தங்கள் அமைப்பை வெளியிட்டது 1955இல், சென்னைக்கு ஓராண்டு பின்னால். படங்களின் எண்ணிக்கையிலும் கருவிகளின் தரத்திலும் லண்டனோடு சென்னை போட்டியிட முடியாது. எது இடம்பெற முடியாது என்று யோசித்து விடையை நெருங்கியதில் முந்திக்கொண்டது.

முந்தியதாலேயே எல்லாம் சரியாக இருந்துவிடவில்லை. பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்ஸாண்டர் ரிச்சும் 1955இல் தங்கள் அமைப்பை வெளியிட்டு, சென்னை மாதிரியைக் கடுமையாக விமர்சித்தனர். சில அணுக்கள் நெருங்கக்கூடாத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன, மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் சாத்தியமில்லை, ஒன்றுதான் என்றார்கள். கொலாஜனை ஒத்த பெப்டைடின் படிக அமைப்பு 1994இல் துலக்கமாக வெளிவந்தபோது நேரடிப் பிணைப்பு ஒன்றுதான் என்பது உறுதியானது. சென்னைக்கு உரியது முச்சுருள் என்ற அடிப்படை, கிரிக்குக்கும் ரிச்சுக்கும் உரியது அந்தத் திருத்தம். இதை மறைத்துவிட்டு ராமச்சந்திரனைப் புகழ்வது அவருக்கே செய்யும் அவமரியாதை.

விமர்சனத்துக்குச் சென்னை எப்படிப் பதில் சொன்னது என்பதுதான் நான் இந்த ஒப்பீட்டுக்கு வரக் காரணம். “நெருங்கக்கூடாத அளவு” என்பது எவ்வளவு? அதை யார் அளந்து வைத்தது? ராமச்சந்திரனும் வி.சசிசேகரனும் சி.ராமகிருஷ்ணனும் அதுவரை வெளிவந்த படிக அமைப்புகளைத் தேடி எடுத்து, எந்த அணு எந்த அணுவை எவ்வளவு தூரம்வரை நெருங்குகிறது என்று தொகுத்தார்கள். பிறகு பெப்டைடுச் சங்கிலியில் தளமாக நிற்கும் பகுதிகளுக்கு இடையே சுழலக்கூடிய இரண்டு கோணங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சேர்க்கையிலும் அணுக்கள் முட்டுகின்றனவா என்று கணக்கிட்டார்கள். ஆய்வு மாணவரான ராமகிருஷ்ணன் இதை மேசைக் கணிப்பானை வைத்துக்கொண்டு செய்தார். பீவர்ஸ்-லிப்சன் பட்டைகளோடு காஸ்லிங் கழித்த மாதங்களுக்கும் இந்த மாதங்களுக்கும் உழைப்பில் வித்தியாசமே இல்லை.

முடிவு 1963இல் ஐந்து பக்கக் கட்டுரையாக ‘ஜர்னல் ஆஃப் மாலிக்குலர் பயாலஜி’யில் மூவர் பெயரிலும் வந்தது. இரு கோணங்களையும் இரு அச்சுகளாக வைத்து வரைந்த படத்தில் முக்கால் பங்குக்கு மேல் தடைசெய்யப்பட்ட பரப்பு. ஆல்ஃபா சுருளும் பீட்டா தகடும் மிச்சமிருக்கும் சிறு தீவுகளில் உட்காருகின்றன. கிளைசினுக்கு மட்டும் வெளி பெரிது. கொலாஜன் மாதிரியைக் காப்பாற்றுவதற்கான வாதமாகத் தொடங்கியது, எல்லாப் புரதங்களுக்கும் பொருந்தும் விதியாக முடிந்தது. இன்று புரத அமைப்பு ஒன்றை உலகத் தரவு வங்கியில் சேர்த்தால், அதன் சரிபார்ப்பு அறிக்கையில் ராமச்சந்திரன் வரைபடத்தின்படியான சோதனையும் இருக்கும்.

மாணவரின் பங்கு இரண்டு இடத்திலும் கட்டுரையில் பதிவானது. அந்த மட்டில் கிங்ஸ் கல்லூரியையும் குறை சொல்ல முடியாது. வேறுபாடு அதற்கு முந்திய கட்டத்தில் இருக்கிறது. கிண்டியில் ஒரு கேள்வி இருந்தது, அது யாருடைய பொறுப்பு என்பதில் சந்தேகம் இல்லை, வெளியிலிருந்து வந்த அடி அந்தக் கேள்வியைக் கூர்மையாக்கியது. கிங்ஸ் கல்லூரியில் ஒரே கேள்விக்கு இரண்டு உரிமையாளர்கள் இருந்தார்கள், வெளியிலிருந்து வந்த வாட்சன் அந்த விரிசல் வழியாக உள்ளே நுழைந்தார். சென்னையின் சிறிய அளவும் இதற்கு உதவியிருக்கலாம்: ஒரே தலைவர், கையளவு மாணவர்கள். பெரிய ஆய்வகங்களுக்கு அந்த வசதி தானாக வராது, ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். சென்னையிலும் பெயர் விஷயத்தில் முழு நீதி நடக்கவில்லை. கட்டுரையில் மூவர், வரைபடத்தின் பெயரில் ஒருவர். ராமகிருஷ்ணன், சசிசேகரன் பெயர்களை வகுப்பறையில் எத்தனை பேராசிரியர்கள் சொல்கிறார்கள்?

மாணவர்களின் பிற்காலத்தையும் பார்த்துவிடலாம். கர்த்தா அமெரிக்காவின் பஃபலோ நகருக்குப் போய், டேவிட் ஹார்க்கர் குழுவில் ரைபோநியூக்ளியேஸ் என்சைமின் அமைப்பை 1967இல் வெளியிட்டவர்களில் முதல் பெயராக நின்றார். காஸ்லிங் டிஎன்ஏவை விட்டு விலகி, லண்டன் கைஸ் மருத்துவமனையில் மீயொலியால் ரத்த ஓட்டத்தை அளக்கும் இயற்பியலுக்கு வந்தார். டாப்ளர் பரிசோதனை அறிக்கைகளில் வரும் துடிப்புக் குறியீடு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. ராமச்சந்திரன் தன் மாணவர் ஏ.வி.லட்சுமிநாராயணனுடன் 1971இல் வெளியிட்ட கணித முறை சிடி ஸ்கேன் படத்தை மீட்டெடுக்கப் பயன்படுகிறது. அந்த வடிப்பானை உலகம் ‘ராம்-லாக்’ என்றே அழைக்கிறது. ஆசிரியர் பெயரின் தொடக்கமும் மாணவர் பெயரின் தொடக்கமும் அதில் இருக்கின்றன.

இன்று ஆய்வில் சேரவிருக்கும் மாணவர்களுக்கும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளும் நெறியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ராண்டலின் கடிதத்தில் எழுதப்பட்டது தவறில்லை, காட்டப்பட வேண்டியவருக்குக் காட்டப்படாததே தவறு. எந்தக் கேள்வி யாருடையது, தரவு யாரிடம் இருக்கும், நெறியாளர் மாறினால் அது யாரோடு போகும், கட்டுரையில் பெயர்கள் எப்படி வரும் என்பதைச் சேரும் நாளிலேயே ஒரு பக்கத்தில் எழுதுங்கள். சம்பந்தப்பட்ட எல்லாரும் படித்துக் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.