தந்தையிழந்த பிள்ளையும் வருமான வரியும்: ஐக்கிய அமெரிக்க அனுபவம் பற்றிய ஒரு குறிப்பு

வரிச்சட்டத்தை வெறும் கணக்கு விவகாரமாகக் கருதும் போக்கு நம்மிடையே நிலவுகின்றது. ஒரு வருமானம் யாருக்குரியது, ஒரு பிள்ளை யாரிடத்தே தங்கியிருக்கின்றது என்னும் வினாக்களுக்குச் சட்டம் தரும் விடைகளில் வர்க்க உறவுகள் பொதிந்துள்ளமையை நாம் போதியளவு ஆராய்ந்தோமில்லை. இவ்வகையில் ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் நோக்கத்தக்கது.

1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதியோர் ஓய்வூதியத்தையே முதன்மைப்படுத்திற்று. இறந்த உழைப்பாளியின் மனைவி மக்களுக்கான மாதாந்த எஞ்சியோர் கொடுப்பனவு 1939ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே வந்தது. விவசாயக் கூலிகளும் வீட்டுப் பணியாளரும் அப்பொழுது விலக்கப்பட்டிருந்தனர். தென்மாநிலக் கறுப்பின உழைப்பாளருட் பெரும்பகுதியினர் இவ்விரு தொழில்களையும் சார்ந்தோரே என்பது மனங்கொள்ளத்தக்கது. இக்கொடுப்பனவுகளை வரிக்குட்படுத்தியது 1983ஆம் ஆண்டுத் திருத்தமாகும். தாய் பணத்தைப் பெற்றுச் செலவிடினும், சட்டத்தின் நோக்கில் அது பிள்ளையின் வருமானமே. வேறு வருமானமற்ற பிள்ளை பொதுவாக வரி செலுத்த வேண்டியதில்லை.

ஆயின் இதே தத்துவம் தாயின் வரிச்சலுகையில் வேறு முகங் காட்டுகின்றது. தன் பராமரிப்புச் செலவில் அரைப்பங்குக்கு மேல் தானே வழங்கும் பிள்ளையைத் தங்கியிருப்போராகக் கோரவியலாது. கொடுப்பனவு உணவுக்கும் வாடகைக்கும் செலவாயின் அது பிள்ளை தானே வழங்கியதாகும். வங்கியிலிடப்படின் அவ்வாறு கொள்ளப்படுவதில்லை. வசதியுள்ள தாய் பிள்ளையின் பணத்தைச் சேமித்துச் சலுகையையும் பெறலாம். அன்றாடச் சோற்றுக்கு அதையே நம்பியிருப்பவளோ இரண்டையும் இழக்க நேரலாம். சட்டத்தின் முன் இருவரும் சமமே!

இம்முரண்பாட்டின் உக்கிரமான வடிவத்தை 2017ஆம் ஆண்டுச் சட்டத்திற் காண்கின்றோம். செல்வந்தர் தம் முதலீட்டு வருமானத்தைப் பிள்ளைகளின் பெயருக்கு மாற்றி வரி தவிர்ப்பதைத் தடுக்கவே, பிள்ளைகளின் உழைக்காத வருமானத்தைப் பெற்றோரின் வீதத்தில் வரிக்குட்படுத்தும் விதி 1986இல் இயற்றப்பட்டது. 2017ஆம் ஆண்டுச் சட்டம், எளிமைப்படுத்தல் என்னும் பெயரில், பெற்றோரின் வீதத்துக்குப் பதிலாக நம்பிக்கைப் பொறுப்புச் சொத்துக்களுக்குரிய வீதத்தைப் புகுத்தியது. 2018இல் தனியொருவர்க்கு 37 சதவீத வரி 500,000 டொலருக்கு மேலேயே தொடங்கிற்று. நம்பிக்கைப் பொறுப்புக்கோ 12,500 டொலருக்கு மேல் தொடங்கிற்று.

இதில் அகப்பட்டோர் இறந்த படைவீரரின் பிள்ளைகள். விதவைக்குக் கிடைக்கும் வரியற்ற இழப்பீட்டுத் தொகை அவளது இராணுவ எஞ்சியோர் ஓய்வூதியத்திலிருந்து டொலருக்கு டொலர் கழிக்கப்பட்டு வந்தது. அக்கழிப்பிலிருந்து தப்பவே பல விதவையர் ஓய்வூதியத்தைப் பிள்ளைகளின் பெயருக்கு மாற்றியிருந்தனர். தந்தையின் உயிருக்கு ஈடாக வந்த பணம் சட்டத்தின் மொழியில் "உழைக்காத வருமானம்" ஆயிற்று. இச்சட்டமே கம்பனி வரியை 35 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாகக் குறைத்தது என்பதையும் இவ்விடத்துச் சேர்த்து நோக்குதல் வேண்டும். படைவீரரின் தியாகத்தைப் போற்றும் பேச்சுக்கு அந்நாட்டில் என்றுமே பஞ்சமிருந்ததில்லை.

எதிர்ப்புக்கள் வலுத்தபின், 2019 டிசெம்பரில் பழைய விதி மீட்கப்பட்டது. 2018, 2019ஆம் ஆண்டுகளுக்கும் அதனைத் தெரிவுசெய்ய இடமளிக்கப்பட்டது. விதவையரின் ஓய்வூதியக் கழிப்பும் அம்மாதம் நிறைவேறிய பிறிதொரு சட்டத்தால் படிப்படியாக நீக்கப்பட்டு 2023இல் ஒழிந்தது. தங்கியிருத்தல் பற்றிய அரைப்பங்கு விதியை இம்மாற்றங்களில் எதுவும் தீண்டவில்லை.