இறந்தோர் பதிவேடும் இருப்போர் பதிவேடும்

1918-ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் இந்தியாவில் இன்ஃப்ளுயன்சாவுக்குப் பலியானோர் எத்தனை பேர் என்பதில் ஆய்வாளரிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. மதிப்பீடுகள் 1.2 கோடியிலிருந்து 2 கோடி வரை வேறுபடுகின்றன. எந்த வயதினர் மாண்டனர் என்பதில் மட்டும் ஐயமில்லை. கொள்ளைநோய்கள் பொதுவாகக் குழந்தைகளையும் முதியோரையும் வாரிக்கொண்டு போகும். இந்நோயோ 20 முதல் 40 வயதுக்குட்பட்டோரைக் கடுமையாகத் தாக்கியது; அவர்களுள்ளும் பெண்களின் இறப்பு ஆண்களினதை விஞ்சியது. நோயுற்ற வீட்டாரைப் பேணும் பொறுப்பு அவர்கள்மீதே விழுந்ததும், முன்பே அவர்களிடம் இருந்த ஊட்டக்குறைவும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. கைக்குழந்தைகளோடு எஞ்சியவர்களை யார் தேடிச் சென்றனர் என்ற கேள்வியை மருத்துவ வரலாறு அரிதாகவே எழுப்புகிறது.

இந்திக் கவிஞர் நிராலாவின் வாழ்க்கை இதற்கு ஒரு விடை தருகிறது. வங்காளத்தில் பணியிலிருந்த அவர், மனைவிக்கு உடல்நலமில்லை என்ற செய்தி கேட்டுக் கங்கைக் கரையிலுள்ள டால்மௌ வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சில நாள்களில் உறவினர் பலரும் மாண்டனர். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த அவரிடம் தம் இரு குழந்தைகளும், பெற்றோரை இழந்த குடும்பப் பிள்ளைகளும் எஞ்சினர். மகள் சரோஜ் தாய்வழிப் பாட்டியின் வீட்டில் வளர்ந்தாள். அக்குழந்தையை ஏந்திக்கொண்டது உறவு மட்டுமே. அரசின் கை எங்கும் தென்படவில்லை.

அரசு அவ்வாறு ஒதுங்கி நின்றதற்கு ஒரு முன்கதை உண்டு. 1897-இல் புனேயில் பிளேக் நோயாளிகளைத் தேடி வீடு வீடாகப் புகுந்த படையினர் மூட்டிய வெறுப்பு, அவ்வாண்டு ஜூன் 22 அன்று பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டதில் முடிந்தது. அந்த அனுபவத்துக்குப் பின் வீட்டு வாசலைத் தாண்ட அதிகாரவர்க்கம் தயங்கியது. போரால் மருத்துவர் தட்டுப்பாடும் இருந்தது. எனவே பம்பாயில் 1918 அக்டோபர் 6 அன்று ஒரே நாளில் 768 பேர் இறந்தபோது, வீடுகளுக்குள் சென்றவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்களே. என்.எம். ஜோஷி 1911-இல் நிறுவிய சமூக சேவைச் சங்கத்தைப் போன்ற அமைப்புகள் இதில் முன்னின்றன. சாதி, மத அமைப்புகள் பலவும் தத்தம் மக்களுக்கெனத் தற்காலிக மருத்துவமனைகளைத் திறந்தன. மருந்தும் பாலும் வழங்கின.

அவ்வுதவியின் ஈரத்தை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆயினும் அது ஓடிய வாய்க்கால்கள் சமூகம் முன்பே வெட்டி வைத்தவை. பம்பாய் நகரின் இன்ஃப்ளுயன்சா இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு ஐரோப்பியரிடம் 8.3, பார்சிகளிடம் 9, சாதி இந்துக்களிடம் 18.9 என இருக்க, ஒடுக்கப்பட்ட சாதியினரிடம் 61.6 ஆக இருந்தது. நெரிசலும் வறுமையும் இவ்வேறுபாட்டின் பெரும்பகுதியை விளக்கும். தமக்கென மருத்துவமனை திறக்க வல்ல செல்வர் இல்லாத சமூகம் என்பதையும் அக்கணக்கில் சேர்த்தே ஆகவேண்டும்.

ஆலைத் தொழிலாளருக்கு இன்னொரு புகலிடம் இருந்தது: ஊர். ‘சால்’ எனப்படும் ஒற்றையறைக் குடியிருப்புகளில் வாழ்ந்த கொங்கண, தக்காணத் தொழிலாளர்கள் பிரசவத்துக்கும் நோய்க்கும் வேலையிழப்புக்கும் ஊரையே நம்பியிருந்தனர். 1918-இல் பருவமழை பொய்த்து, தானிய விலை ஏறி, அந்த ஊரே பட்டினியின் விளிம்பில் நின்றது. திரும்பிச் சென்றவர்களோடு நோயும் சென்றது.

இறந்தோரை எண்ணுவதற்கு அரசிடம் பதிவேடு இருந்தது. மேலே தந்த விகிதங்களே அதன் பயன். இருப்போருள் யார் கருவுற்றவர், யார் வீட்டில் பால்குடிக் குழந்தை உண்டு என்பதைக் காட்டும் ஏடு எதுவும் அன்று இல்லை. அத்தகைய ஏடு நாடெங்கும் உருவாக, 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் காரணமாயிற்று. வீடு வீடாகச் சென்று கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோரின் பெயர்களை எழுதி வைப்பது அங்கன்வாடிப் பணியாளரின் கடமை. 2020 மார்ச்சில் மையங்கள் மூடப்பட்டபோது கேரளம் உணவை வீடுகளுக்கே கொண்டு சேர்க்க முடிந்தது அப்பெயர்கள் கையில் இருந்ததால்தான். மார்ச் 18 அன்று உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து, மூடப்பட்ட பள்ளி, அங்கன்வாடிக் குழந்தைகளின் உணவுக்கு வழி என்ன என்று மற்ற மாநிலங்களையும் வினவியது.

ஆனால் அந்த ஏடு ஊரோடு கட்டப்பட்டது. குழந்தையைத் தோளில் சுமந்து நெடுஞ்சாலையில் நடந்த புலம்பெயர் தொழிலாளியின் பெயர், விட்டுவந்த நகரத்தின் ஏட்டில் பெரும்பாலும் ஏறியதே இல்லை. ஊரின் ஏட்டில் இருந்தாலும் வழியில் அதனால் ஒரு பிடி அரிசி கிடைக்காது. 1918-இன் ஆலைத் தொழிலாளியும் இவரும் ஒரே இடைவெளியில் நின்றவர்கள். குடும்ப அட்டையை எந்த மாநிலத்திலும் பயன்படுத்தும் ஏற்பாட்டை ஜூலை 31-க்குள் எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும், பெருந்தொற்று நீங்கும் வரை புலம்பெயர்ந்தோருக்குச் சமூகச் சமையற்கூடங்கள் இயங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 2021 ஜூன் 29 அன்று. அதற்குள் முதல் ஊரடங்கு தொடங்கிப் பதினைந்து மாதங்கள் ஆகியிருந்தன. இரண்டாம் அலையின் உச்சமும் கடந்துபோயிருந்தது.