மறியல் வீட்டில் எடுத்த இரத்தம்

மாத்தளையில் ஆய்வுகூட வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எச்.ஐ.வி. தாக்கும் சிடி4 இரத்த அணுக்களின் எண்ணிக்கை 200க்குக் கீழே வந்த துண்டு கையில் கிடைத்தால், மறியலில் கிடந்த அந்தச் சென்னைப் பெண்களைத்தான் நினைப்பேன்.

1986இல் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழில் வழக்கில் அடைபட்டிருந்த பெண்களிடம் இரத்தம் எடுத்தார். கையுறை கிடையாது. மாதிரிகள் அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தன. பிறகு ஐஸ் பெட்டியில் வைத்துக் கணவரோடு இரவு ரயிலில் வேலூருக்குப் பரிசோதிக்கக் கொண்டுபோனார். பரிசோதனையில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின; தொற்று இருப்பதன் அடையாளம் அது. இந்தியாவில் எச்.ஐ.வி. அப்படித்தான் தெரியவந்தது.

விஞ்ஞானம் பெயர் வாங்கியது. பெண்களுக்குக் கிடைத்ததோ பூட்டு. தொற்று இருக்கிறதென்றே அடைத்து வைத்தார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் வழக்குப் போட, 1990இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் விடுவிக்கச் சொன்னது. அப்படி அடைத்து வைத்ததை நோய்த்தடுப்பு என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

1986இல் மருந்தும் இல்லை. ஏஇசட்டி என்ற முதல் மருந்து 1987இல் வந்தது, கூட்டு மருந்து 1996இல். இலவச மருந்து இந்தியாவிலும் நம் இலங்கையிலும் 2004இல் தொடங்கியது. மருந்தை விடாமல் குடித்தால் வைரஸ் அடங்கும், சிடி4 ஏறும். சிறைக்குள் போகும்போதும் வெளியே வரும்போதும்தான் சிகிச்சை அறுந்துபோகிறது. கைதிகளுக்கான ஐ.நா.வின் 2015 மண்டேலா விதிகளும் சிகிச்சை தொடர வேண்டும் என்கின்றன.

இந்த மருந்து குடிக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளை மறியலிலிருந்து வந்தால், மருந்துத் துண்டையும் கேட்டு வாங்குங்கள். பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் மருந்தைத் தொடரக் காசு கேட்க மாட்டார்கள்.