மலை இறக்கம் கற்றுக்கொடுத்த பிரேக்

தினமும் ரோட்டுலயும், எப்பவாவது இருங்காட்டுக்கோட்டை டிராக்குலயும் ஓடுற காருக்கு எந்த பேட், எந்த டிஸ்க்? பதில் வரலாற்றிலேயே இருக்கு.

1897 வாக்கில், இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் குதிரை வண்டிக்காரர்கள் இறக்கத்தில் பிடிமானத்துக்காக பிரேக் கட்டையில் பழைய பூட்ஸ் தோலை வைத்தார்கள். அதைக் கவனித்த ஹெர்பர்ட் ஃப்ரூட் உருவாக்கியதுதான் ஃபெரோடோ பிரேக் லைனிங். 1953-ல் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் லெ மான் பந்தயத்தை ஜெயித்தது. திறந்த டிஸ்க், மூடிய டிரம்மைவிடச் சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும். ரெண்டு கதையிலும் எதிரி ஒன்னுதான்: உராய்வால வர்ற சூடு.

நம்ம கல்வராயன் மலையிலும் அதே எதிரிதான். வெள்ளிமலையிலிருந்து பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கினா பேட் பிடி விடும், பிரேக் ஆயில் கொதிக்கும். பெடல் அடிவரை போனாலும் வண்டி நிக்காது.

அதுக்காக ரேஸ் பேட் போடாதீங்க. அது சூடானாத்தான் நல்லா பிடிக்கும். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட் முன்னாடி குறுக்கே வர்ற ஆளுக்காக அடிக்கிற முதல் பிரேக்குக்கு உதவாது. நான் சொல்றது: குளிர்லயும் பிடிச்சு, கூடுதல் சூட்டையும் தாங்குற ஸ்ட்ரீட் பேட், ஓட்டை போடாத டிஸ்க், ஏன்னா ஓட்டையோரம் விரிசல் விடலாம், டிராக்குக்கு முன்னாடி புது பிரேக் ஆயில்.

மலையில மட்டும், ஏறின கியர்லயே இறங்குங்க.