லாக் தேடும் டைரக்டரி: பெர்லா, சாக்கெட்டா?

சர்வர் லாக்குகளை எல்டாப் டைரக்டரி நெறிமுறை வழியே தேட விரும்பினால் தனியாக ஒரு டேட்டாபேஸ் கட்ட வேண்டியதில்லை. ஓபன்எல்டாப்பின் சர்வரான ஸ்லாப்டி, தேடல் கோரிக்கையை நாம் எழுதிய நிரலிடமே ஒப்படைத்துவிடும். சி மொழியில் இறங்காமல் முன்மாதிரி செய்ய அதில் பேக்-பெர்ல், பேக்-சாக் என்று இரண்டு பேக்எண்டுகள் இருக்கின்றன.

பேக்-பெர்ல், பெர்ல் இன்டர்பிரிட்டரை ஸ்லாப்டிக்குள்ளேயே உட்கார வைக்கிறது. தேடலுக்கு ஒரு மெத்தட் எழுதி, முடிவு எண்ணையும் எல்டாப்பின் உரை வடிவமான எல்டிஃபில் பதிவுகளையும் திருப்பினால் போதும். அதில் எனக்கு மிகவும் பிடித்த வசதி ஒன்று உண்டு: பொருந்தக்கூடும் என்று தோன்றும் வரிகளை எல்லாம் தோராயமாக அள்ளிக் கொடுத்தால், ஃபில்டரைப் பார்த்துச் சலித்தெடுக்கும் வேலையை ஸ்லாப்டியே செய்யும்படி அமைக்கலாம்.

பேக்-சாக் அப்படி உதவாது. யூனிக்ஸ் சாக்கெட் வழியே கோரிக்கையை எழுத்தாக அனுப்பும். ஃபில்டரைப் பிரித்துப் புரிந்துகொள்வது நம் பாடு. ஆனால் எந்த மொழியிலும் எழுதலாம். நிரலைத் திருத்தினால் அதை மட்டும் மறுபடி ஓட்டினால் போதும். பெர்லில் ஸ்லாப்டியையே நிறுத்தித் தொடங்க வேண்டும்.

இருந்தும் நான் சாக் பக்கம் நிற்பதற்குக் காரணம் அனுமதி. டெபியனில் சிஸ்லாக் கோப்பின் அனுமதி 640; உரிமையாளரைத் தவிர 'ஏடிஎம்' குழுவினர்தான் படிக்க முடியும். ஸ்லாப்டியோ 'ஓபன்எல்டாப்' என்ற பயனராக ஓடுகிறது. பெர்ல் வழியில் போனால், நெட்வொர்க்கில் 389-ஆம் போர்ட்டில் காத்திருக்கும் சர்வருக்கே லாக் படிக்கும் உரிமையைத் தர வேண்டியிருக்கும். சாக்கில் அந்த உரிமை தனியாக ஓடும் சிறு நிரலோடு நின்றுவிடும்.

எந்த வழியில் போனாலும் லாக்கின் குணம் மாறாது. பழைய சிஸ்லாக் வரியில் மாதமும் நாளும் இருக்கும், ஆண்டு இருக்காது; எல்டாப்பின் நேர வடிவமோ ஆண்டிலிருந்துதான் தொடங்குகிறது. ஜனவரியில் உட்கார்ந்து டிசம்பர் வரிகளைத் தேடும்போது ஆண்டை நாமே ஊகித்துச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் தனித்துவமான பெயர் வேறு கட்டாயம். கோப்பில் வரி தொடங்கும் பைட் இடத்தைப் பெயராக வைத்தால், லாக் சுழற்சி நடந்ததும் அந்தப் பெயர் வேறொரு வரியைக் காட்டும். ஜர்னல்டி ஒவ்வொரு பதிவுக்கும் அடையாளமாகத் தரும் கர்சர் இதைவிட மேல்.

வரிசைக்கும் எல்டாப் உறுதி தருவதில்லை. அதோடு ஒரு தேடலுக்கு ஸ்லாப்டியின் இயல்பான வரம்பு 500 பதிவுகள். கோப்பை மேலிருந்து படித்தால் பழைய 500 வரிகளோடு தேடல் நின்றுவிடும். கோளாறைத் தேடுகிறவருக்கு வேண்டியது கடைசி வரிகள். அதனால் என் நிரல் கோப்பைக் கீழிருந்து மேலாகப் படிக்கிறது.